அஞ்சலும் அஞ்சல் நிமித்தமும்: பிரிட்டிஷ் மலிவுப் பேய்ப்படங்களுக்கு ஓர் இலக்கணம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்து அவ்வளவில் நிறுத்திக்கொண்டதும், அந்நான்கிற்கும் உரையாசிரியர்கள் செய்யுள்களை மட்டுமே சான்றாகக் காட்டிச் சென்றதும், 1957ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகள் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட மலிவுப் பேய்ப்படங்கள் அவர்களுக்குக் கிட்டாமையால் நேர்ந்த குறையென்றே கொள்ளத்தக்கவை. அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும்; இறை என்பது தண்டிக்கும் உரிமை பெற்ற ஆள்வோர்; ஏனைய இரண்டும் விளக்கம் வேண்டாதவை. இந்நான்கனுள் முதலாவதில் தொடங்கி நான்காவதில் முடிந்ததே அப்படங்களின் வரலாறு என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்வகைப் படங்களை ஆங்கிலத் திரையுலகினர் ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்பர். கதையையோ கலையையோ நம்பாமல், குருதி, சதை, தடை செய்யப்பட்டது என்னும் கிளர்ச்சி ஆகிய மூன்றை நம்பி, குறைந்த செலவில் விரைந்து எடுத்து விற்கப்படும் படம் என்பது அதன் பொருள். 1951இல் பிரிட்டிஷ் தணிக்கைக் குழு, பதினாறு வயதுக்கு உட்பட்டோர் பார்க்கலாகாத படங்களுக்கென ‘எக்ஸ்’ சான்றிதழை ஏற்படுத்தியபோது, மற்றவர்கள் அதை எச்சரிக்கையாகப் படிக்க, ஹேமர் என்னும் சிறு நிறுவனம் அதை விளம்பரமாகப் படித்தது. 1955இல் வெளியிட்ட குவாட்டர்மாஸ் படத்தின் தலைப்பில் ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்னும் சொல்லின் முதலெழுத்தை வெட்டி எறிந்து, அச்சொல் ‘எக்ஸ்’ என்ற எழுத்திலேயே தொடங்குமாறு செய்தது. இதற்கு அரசின் கையும் உதவியாக இருந்தது. ஈடி வரி என வழங்கிய ஏற்பாட்டின்படி, நுழைவுச் சீட்டு விலையில் ஒரு பங்கு பொதுநிதியில் திரட்டப்பட்டு, வசூலுக்கு ஏற்ற விகிதத்தில் உள்நாட்டுப் படத் தயாரிப்பாளர்களுக்கே திருப்பித் தரப்பட்டது. எந்தப் படம் நல்ல படம் என்னும் சங்கடமான கேள்வியை அவ்வரி எழுப்பவே இல்லை.

இப்படங்களை ஒரு திணையாகக் கொண்டால், இனி இத்திணையின் முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும். கதையில் நிலம் கார்ப்பேத்திய மலைச்சாரல். படத்திலோ பக்கிங்காம்ஷயரில் உள்ள பிளாக் பார்க் காடு. குதிரை வண்டி எந்நாட்டில் ஓடினாலும் அதே மரங்களைக் கடந்தே ஓடும். கோட்டைகள் தேம்ஸ் ஆற்றங்கரையில் பிரே என்னும் இடத்திலிருந்த ஒரு பழைய மாளிகையிலும் அதன் வளாகத்திலும் எழுந்து, விழுந்து, மீண்டும் எழுந்தன. கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சன் ஒரு மண்டபத்தின் தூண்களை நகர்த்தி, திரைச்சீலையை மாற்றி, அடுத்த படத்திற்கு வேறொரு மண்டபமாக்கித் தருவதில் வல்லவர். 1966இல் வெளிவந்த டிராகுலா படமும் ரஸ்புதின் படமும் ஒரே அரங்கில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டமையால், திரான்சில்வேனியப் பிரபுவும் ரஷ்யத் துறவியும் அறியாமலேயே அண்டை வீட்டார் ஆயினர். பொழுது நள்ளிரவு, எனினும் இரவுப் படப்பிடிப்புக்கு விளக்கும் கூலியும் மிகுதி ஆகையால், பகலில் எடுத்து இருட்டாகக் காட்டும் ‘டே ஃபார் நைட்’ முறையே பெரிதும் கையாளப்பட்டது. அதனால் இத்திணையின் யாமத்தில் மரங்களுக்கு நிழல் உண்டு. வெயிலில் எரிந்து சாம்பலாக வேண்டியவன் நண்பகல் ஒளியில் நிம்மதியாக உலவுவது இவ்விடத்து வழுவன்று, வழுவமைதி என்க.

உரிப்பொருளைப் பொறுத்தவரை, அஞ்சலும் அஞ்சல் நிமித்தமும் என வகுப்பதே பொருந்தும். ஆனால் அஞ்சலுக்குச் சில நிமிடங்களும் நிமித்தத்திற்கு எஞ்சிய படம் முழுவதும் ஒதுக்கப்படும். இதற்கு மேல் வரமாட்டேன் என்று வண்டியை நிறுத்தும் வண்டிக்காரன், கோட்டையின் பெயர் கேட்டதும் அடங்கிப்போகும் மதுக்கடை, வேலையாள் கண்ணில் படாமலே பரிமாறப்பட்டிருக்கும் இரவுணவு, மெழுகுவத்தியுடன் படியேறும் பெண் ஆகியவை நிமித்தங்கள். 1966ஆம் ஆண்டுப் படத்தில் ஏறத்தாழ பாதிப் படம் கழிந்த பின்னரே டிராகுலா எழுகிறான். எழுந்தும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. வசனம் மோசமாக இருந்ததால் தாம் பேச மறுத்ததாக நடிகர் கிறிஸ்டோபர் லீயும், தாம் வசனமே எழுதவில்லை என்று கதையாசிரியர் ஜிம்மி சாங்ஸ்டரும் கூறியிருப்பதால், இப்பாடபேதம் ஆய்வாளர்களால் இன்னும் தீர்க்கப்படவில்லை.

அணங்கு வகையின் தலையாய சிக்கல் டிராகுலாவின் மரணம். 1958இல் அவன் சூரிய ஒளியில் எரிந்தான். 1966இல் பனி உடைந்து அகழி நீரில் மூழ்கினான். 1968இல் சிலுவையில் குத்துண்டான். 1970இல் மட்டும் இருமுறை, ஒருமுறை கைவிடப்பட்ட தேவாலயத்திலும் மற்றொரு முறை இடி தாக்கியும், மாண்டான். 1972ஆம் ஆண்டுப் படத்தில் தொடக்கத்தில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் பாய்ந்தும் இறுதியில் கூர்முளைகள் நட்ட குழியில் விழுந்தும், ஒரே சீட்டுக்கு இரண்டு மரணங்கள் காட்டினான். 1973ஆம் ஆண்டுப் படத்தில் முள்செடியில் சிக்கி மாண்டான். கதிரவன், நீர், சிலுவை, இடி எனப் பெரும்பொருள்களில் தொடங்கிய பட்டியல் வேலியோரத்துப் புதரில் வந்து முடிவதைக் கொண்டே நிறுவனத்தின் பணப்பெட்டி நிலையைக் கணக்கிட்டுவிடலாம். உயிர்ப்பிக்கும் முறைகளும் அவ்வாறே தேய்ந்தன: பாதிரியாரின் நெற்றிக் காயத்திலிருந்து வழிந்த குருதி பனிக்கட்டி வழியே கசிந்து அவன் உதட்டைத் தொடும் 1968ஆம் ஆண்டுக் காட்சியில் ஓர் அழகு உண்டு, 1970இல் அவ்வேலையை ஒரு ரப்பர் வௌவால் செய்கிறது.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் இப்படங்கள் சிரிப்புக்கு மட்டும் உரியவை ஆகாமல் நிற்பதற்குப் பீட்டர் குஷிங் என்னும் நடிகர் பெருங்காரணம். நம்பத்தகாத ஒன்றை நம்புகிறவன் முகத்தில் ஐயத்தின் சாயல்கூட இருக்கலாகாது என்னும் விதியை அவர் ஒருநாளும் மீறவில்லை. 1958ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் நீள்மேசை மீது ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விட்டு, இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்குகிறார். சிலுவை யோசனை அவருடையதே. அதற்குச் செலவு ஏதும் இல்லை. இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரும், ‘டிரா-கு-லா’ என்னும் ஒலிப்பையே தாளமாக்கி இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டும் இந்தக் கண்டிப்பான முகபாவத்திற்குத் துணை நின்றனர். கேலி தெரிந்தே செய்யப்படும் பேய்ப்படம் பார்ப்பவனைத் தோழனாக்கிக் கொள்கிறது; இவை பார்ப்பவனைச் சாட்சியாக்குகின்றன.

விலங்கு வகை விரைவில் கடக்கத்தக்கது. 1968இல் டைகன் நிறுவனம் எடுத்த ஒரு படத்தில் ஆளுயர அந்துப்பூச்சியாக மாறும் பெண்ணை அழிக்கும் வழி தேடிக் காவல்துறை ஆய்வாளராக வரும் குஷிங் படம் முழுதும் அலைகிறார்; இறுதியில் தீ மூட்டியதும் அவள் தானே வந்து விழுகிறாள். விளக்கில் வீழும் விட்டிலைப் பற்றிப் பாடும் தமிழ்ப் புலவர் எவரேனும் அருகிருந்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கள்வர் வகைக்கு, எடின்பரோவில் மருத்துவக் கல்விக்காகப் பிணம் விற்ற பர்க், ஹேர் இருவரைப் பற்றிய 1960ஆம் ஆண்டுப் படம் தக்க சான்று. அதற்கு முந்தைய ஆண்டு ஹேமர் எடுத்த ‘பம்பாயின் கழுத்து நெரிப்போர்’ இவ்வகையின் இழிந்த சான்று. தக்கர்கள் என்னும் வழிப்பறிக் கொலைஞரைப் பற்றிய அப்படத்தில் இந்தியா பிரேயில் அமைந்ததை மன்னிக்கலாம். காளி பக்தி என்றாலே கண் பிடுங்கும் வேலை எனக் காட்டியதற்கு வறுமையைக் காரணம் சொல்ல இயலாது.

இறை வகையே இத்திணையின் உச்சம். 1968இல் மைக்கேல் ரீவ்ஸ் இயக்கிய ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ படத்தில் பேயே இல்லை. 1640களின் உள்நாட்டுப் போரிடையே ஊர் ஊராகச் சென்று சூனியக்காரிகள் என்று பெண்களைத் தூக்கிலிட்டுக் கூலி பெற்ற மேத்யூ ஹாப்கின்ஸ் என்னும் வரலாற்று மனிதன் இருக்கிறான். வின்சென்ட் பிரைஸ் அவனை அலுவலகக் குளிர்ச்சியோடு நடித்தார். அமெரிக்காவில் இதையே எட்கர் ஆலன் போவின் தொடர்பற்ற கவிதை ஒன்றின் தலைப்பை ஒட்டி விற்றனர் என்பது வணிகத்தின் இயல்பு. ரீவ்ஸ் மறு ஆண்டே 25 வயதில் இறந்தார். பின்னர் வந்த இயக்குநர் பீட் வாக்கர், தாம் காசுக்கே படம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், 1974இல் எடுத்த ‘ஹவுஸ் ஆஃப் விப்கார்டு’ படத்தில் ஓய்வுபெற்ற பார்வையற்ற நீதிபதி ஒருவர், நாட்டின் சட்டம் இளகிவிட்டது எனக் கருதித் தனியார் சிறை நடத்தி இளம்பெண்களைத் தூக்கிலிடுவதைக் காட்டி, அப்படத்தைக் கசையடியும் மரண தண்டனையும் திரும்ப வேண்டுமென ஏங்குவோருக்கே காணிக்கையாக்கினார். அவருடைய நடிகை ஷீலா கீத், பாட்டி முகத்தோடு அதே ஆண்டின் ‘ஃபிரைட்மேர்’ படத்தில் துளையிடும் கருவி ஏந்தி வந்தார். அவரைக் குணமாகிவிட்டதாகச் சான்று தந்து வெளியே விட்டவர்கள் மருத்துவர்கள். 1976ஆம் ஆண்டுப் படத்தில் கொலைகாரர் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியார். ஒப்பனைச் செலவின்றி அச்சம் தரவல்லது அதிகாரம் என்பதைக் கண்டதே வாக்கரின் சிக்கனம்.

ஆயினும் அதே வாக்கர் கசையடியைக் கண்டித்துக்கொண்டே கசையடிக் காட்சியை நுழைவுச் சீட்டுக்கு விற்றார் என்னும் குற்றச்சாட்டு நிற்கவே செய்கிறது. 1970இல் எக்ஸ் வயது பதினெட்டாக உயர்ந்ததும் ஹேமரும் பெண்ணுடலைக் கதைக்கு மாற்றாகப் பயன்படுத்தத் தொடங்கியது. இங்ரிட் பிட் போன்ற திறமையான நடிகையருக்கு அதனால் கிடைத்தது பெயரே அன்றிப் பாத்திரங்கள் அல்ல. இப்படங்களுக்கு முதலிட்ட அமெரிக்கப் பணம் வெளியேறியதும், 1973இல் ‘எக்ஸார்சிஸ்ட்’ வந்து பேய்க்கு நிகழ்காலப் படுக்கையறையில் இடம் தந்ததும், குதிரை வண்டிக்கு வேலை இல்லாமல் செய்தன.

இத்திணையில் ஒரே படத்திற்கு நேரம் உடையவர் ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ காண்க, இரண்டிற்கு நேரம் உடையவர் 1958ஆம் ஆண்டு ‘டிராகுலா’வையும் சேர்த்துக்கொள்க, அந்துப்பூச்சிப் படத்தை முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுக.