ஸ்ரீமான் அப்கிரேட்

ஆகும் காரியம், ஆகாத காரியம் என்று இரண்டு உண்டென்பதை ஒப்புக்கொண்டு, ஆகாததைக் கண்டால் ஒரு பெருமூச்சோடு விலகிப் போய்விடுவது நம்மைப் போன்ற சாமானியர்களின் சுபாவம். ஸ்ரீமான் அப்கிரேட் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர் அல்லர். ‘முடியாது’ என்று ஒருவர் சொன்னால், அது அவர் கூறும் முதல் விலை என்றும், சற்றுப் பொறுமையாகப் பேசினால் படிந்துவிடும் என்றும் பூரணமாக நம்புகிறவர். ஜவுளிக் கடையிலும் வீட்டுத் தரகரிடமும் வெகுகாலமாகப் பலித்து வந்த இந்தச் சித்தாந்தத்தை அவர் இப்போது பௌதிக சாஸ்திரத்தின்மீது பிரயோகிக்கத் தொடங்கியிருக்கிறார்.

அவரைத் தரிசிக்க விரும்புவோர் சனிக்கிழமை மாலையில் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால் போதும். ஐம்பதை நெருங்கும் வயது. தோளில் கறுப்புப் பை. பைக்குள் பூத்துவாலையில் சுற்றிய லேப்டாப். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் காந்த முனையுள்ள ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். பழைய சார்ஜரும் புதிய காமிராவும் கூறுகட்டி விற்கப்படும் அந்தச் சந்துகளில், வேண்டியதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஜனத்திரளுக்கு நடுவே, ஒன்றையும் வாங்காமல் எல்லாவற்றுக்கும் விலை விசாரித்துக்கொண்டு, மிகுந்த மனநிறைவோடு நடமாடுகிற மனிதர் எவரோ அவரே நமது கதாநாயகர்.

அவர் இப்படியானதற்குக் காரணம் இரண்டு வெற்றிகள் என்பதை நியாயத்துக்குக் கட்டுப்பட்டுச் சொல்லிவிட வேண்டும். தம்முடைய லேப்டாப்பின் அடிமூடியை முதன்முதலாகக் கழற்றி, காலியாக இருந்த இடத்தில் ஒரு 8 ஜி.பி. ரேமைச் சாய்த்துச் செருகி அழுத்தியபோது எழுந்த ‘டக்’ என்ற ஓசை, அவர் வாழ்க்கையில் எந்தப் பதவி உயர்வும் தராத ஆனந்தத்தைத் தந்தது. அதிலும் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. அந்த லேப்டாப்பில் படம் வரையும் வேலையைச் செய்வது பிராசஸருக்குள்ளேயே அடங்கிய பகுதி. சொந்தமாக நினைவகம் இல்லாத அப்பகுதி, ரேமிலிருந்துதான் கடன் வாங்கிப் பிழைக்கிறது. ரேம் ஒன்றுக்கு இரண்டாகி, இரு வழியாகவும் தகவல் பாயத் தொடங்கவே, திரையிலே படங்களும் சற்று வழவழப்பாக ஓடின. ஆகையால் கிராஃபிக்ஸ் என்பதும் நம் கைக்கு அடங்கியதே என்ற அபிப்பிராயம் அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. அடுத்தபடியாக, நிமிஷத்துக்கு 5400 முறை சுற்றிச் சுற்றிக் களைத்துப் போயிருந்த ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினார்; முன்பெல்லாம் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் விழிக்காத இயந்திரம், இப்போது காப்பி ஆறுவதற்குள் விழித்துக்கொண்டது. இரண்டு யுத்தங்களில் ஜயித்தவன் மூன்றாவதற்குப் புறப்படாமல் இருந்ததாகச் சரித்திரம் உண்டா?

மூன்றாவது யுத்தத்துக்கு வித்திட்டது ஒரு தீபாவளி. அன்று அண்ணன் வீட்டில், அண்ணன் மகன் தன் டெஸ்க்டாப்பில் விளையாடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு கேமில், மழை பெய்து ஓய்ந்த வீதியின் தண்ணீரில் கடை விளக்குகள் சிவப்பும் நீலமுமாகப் பிரதிபலிப்பதை அவர் கண்டார்; கண்டவர், பட்சணத் தட்டை மறந்து நின்றார். இத்தனைக்கும் அவர் எந்த கேமும் ஆடுகிறவர் அல்லர். அவருடைய லேப்டாப்பின் நித்திய கர்மங்கள் பாங்குக் கணக்குப் பார்ப்பது, வருமான வரிப் படிவம் நிரப்புவது, இரவில் பழைய சினிமாப் பாட்டுக் கேட்பது ஆகிய மூன்றே.

“ஏங்க, வருமான வரிக் கணக்குல மழைத் தண்ணி பளபளன்னு தெரியணுமா?” என்று அவருடைய இல்லாள் கேட்டதற்கு, அவர் ஒரு கருணைப் புன்னகையை மட்டுமே பதிலாக அளித்தார்.

அதன் பிறகு, லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றித் தரும்படி கேட்டு அவர் நுழைந்த ரிச்சி தெருக் கடையொன்றில் நடந்த சம்பாஷணையை, அது நடந்தபடியே தருகிறேன்.

“சார், இதுல கார்டே கிடையாது. எல்லாம் பிராசஸர்குள்ளயே இருக்கு. தனி சிப்பு இருக்கிற மாடல்லகூட போர்டோட சால்டர் பண்ணித்தான் வரும். மாத்த முடியாது.”

“எவ்வளவு ஆகும், தம்பி?”

“மாத்தவே முடியாது சார்.”

“அது சரி. முடிஞ்சா எவ்வளவு ஆகும்?”

கடைக்காரப் பிள்ளை நல்லவன், பொறுமையாக விளக்கினான். சிப்பின் அடியில் கடுகினும் சிறிய வெள்ளீயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்; அவற்றை 217 டிகிரிக்கு மேல் காய்ச்சி உருக்கினால்தான் சிப்பு கழன்று வரும்; கழற்றிப் பெரியதொன்றை வைக்கலாமென்றால், போர்டு கொடுக்கும் மின்சாரம், சூட்டைக் கடத்தும் செப்புக் குழாய், விசிறி, உள்ளே எழுதிவைத்த பயாஸ் அனைத்தும் பழையதன் அளவுக்கே வெட்டித் தைத்தவை. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 போன்ற ஒரு டெஸ்க்டாப் கார்டு தனியாகவே 450 வாட் உண்ணும். சாரின் அடாப்டர் தருவதோ 65 வாட். இவ்வளவையும் கண்மூடிச் செவிமடுத்த ஸ்ரீமான் அப்கிரேட், கடைசியில் கண்ணைத் திறந்து, “அப்போ முதல்ல அடாப்டரை மாத்தணும்னு சொல்லு” என்றார்.

அவரை அஞ்ஞானி என்று எண்ணிவிடலாகாது. 2004-இல் என்விடியா, லேப்டாப் தயாரிப்பாளர்களோடு கூடி எம்.எக்ஸ்.எம். என்ற கழற்றி மாட்டும் கார்டு முறையை ஏற்படுத்திய வரலாற்றை அவர் ஒப்பிப்பார். கனத்த கேமிங் லேப்டாப்களிலும் ஒர்க்ஸ்டேஷன்களிலும் அது இருந்தது மெய்தான். அங்கேயும் புதுக் கார்டின் திருகாணித் துளை பழைய ஹீட்சிங்கோடு பொருந்தாமலும், பயாஸ் அதை அடையாளம் கண்டுகொள்ளாமலும் பலர் தவித்தார்கள் என்ற பகுதி வரும்போது மட்டும் அவருக்குத் தொண்டை கரகரக்கும். 2024-இல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16-இல் கிராஃபிக்ஸ் பாகத்தைப் பின்புறமாகக் கழற்றி மாற்றலாம் என்பதையும் அவர் சாட்சிக்கு அழைப்பார். தம் கையிலிருப்பது இவ்விரண்டில் எதுவும் அன்று என்பதை வெறும் சட்ட நுணுக்கமாகவே கருதுவார்.

உள்ளே இடமில்லை என்றால் வெளியே வைக்கலாமே என்பது அவருடைய கடைசி அஸ்திரம். தண்டர்போல்ட் 3 துவாரம் இருந்தால், வினாடிக்கு 40 கிகாபிட் வேகத்தில் ஒரு வெளிப் பெட்டியை இணைத்து, அதற்குள் பெரிய கார்டை அமர்த்தலாம். அந்தத் துவாரம் அவர் லேப்டாப்பில் இல்லை. அதனாலென்ன, வைஃபை கார்டைப் பிடுங்கிவிட்டு அந்த ஸ்லாட்டிலிருந்து ஒரு நாடாவை வெளியே இழுத்து, ஒற்றைப் பாதையாவது போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கார்டு, அதற்கு ஒரு பவர் சப்ளை, முழுப் பயனும் கிடைக்கத் தனி மானிட்டர், போன வைஃபைக்குப் பதிலாக ஒரு யு.எஸ்.பி. வைஃபை, மூட முடியாத அடிமூடியைத் தாங்க நான்கு மரக்கட்டைகள் என்று கணக்கு நீண்டுகொண்டே போயிற்று.

“இந்தச் செலவுக்கு ஒரு டெஸ்க்டாப்பே அசெம்பிள் பண்ணிடலாமே சார்” என்றான் பையன்.

“அது வாங்குறது, தம்பி. இது அப்கிரேட்” என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய ஆத்மா முழுவதும் அடங்கியிருக்கிறது. குடைக்குக் கம்பி மாற்றி, பாத்திரத்துக்கு ஈயம் பூசி, எரிந்த மோட்டாருக்குக் காயில் சுற்றி, எந்தப் பொருளையும் அதன் ஆயுளுக்கு மேல் உழைக்க வைத்த பரம்பரையில் உதித்தவருக்கு, ‘இதைத் திறக்காதே, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு’ என்கிற ஒல்லியான யந்திரம் ஓர் அவமானமாகவே தோன்றுகிறது. மெலிவுக்காகவும் லகுவுக்காகவும் எல்லாவற்றையும் போர்டோடு ஒட்டிவிட்ட உற்பத்தியாளர்களுக்கு எதிராக, கையில் ஸ்குரூ டிரைவரோடு அவர் நடத்துகிற போராட்டத்தில் நியாயம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. ஈயக் குண்டுகள் நியாயத்துக்கு உருகுவதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் அவர் அந்த லேப்டாப்பை விற்றுவிட்டார். வாங்கியவன், இஞ்சினீயரிங் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தமக்கை மகன். “ரேம் போட்டாச்சு, எஸ்.எஸ்.டி. போட்டாச்சு, கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணுதான் பாக்கி, பின்னாடி நீயே மாத்திக்கலாம்” என்று சொல்லி, அந்த எதிர்கால சௌகரியத்துக்காக விலையில் இரண்டாயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னார். தாய்மாமன் குணம் மருமகனுக்கு வராமல் போகுமா? பையன் அரை மணி நேரம் வாதாடி, இல்லாத கார்டின் விலையை ஆயிரத்துக்குக் குறைத்து, ஜயித்துவிட்ட களிப்போடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனான்.