மூன்றாவது பிள்ளைக்கு ந.க. எண் கிடையாது

2021 ஆகஸ்டு 23. பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு இனி ஒன்பது மாதமல்ல, பன்னிரண்டு மாதம் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. கைதட்டினோம். கை வலிக்கத் தட்டினோம்.

ஐந்தே நாள். ஆகஸ்டு 28 தேதியிட்டு, தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியைக்கு ஓர் உத்தரவு. கேட்ட மகப்பேறு விடுப்பு தர இயலாது. உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால்தான் விடுப்பு. மறுமணம் செய்துகொண்டு மூன்றாவது பெற்றால் அதற்கு விதியில் வழியில்லை. அடிப்படை விதி 101(அ). கோப்புக்கு ந.க. எண். கையொப்பம். முத்திரை. முடிந்தது.

அந்த ஆசிரியையின் பெயர் தீர்ப்பிலேயே இருக்கிறது. நமக்குப் பெயர் வேண்டாம், கணக்கு போதும். முதல் பிள்ளை 2007-ல். இரண்டாவது 2011-ல். அரசு வேலையில் சேர்ந்ததோ 2012 டிசம்பரில். அந்த இரண்டு பிரசவத்துக்கும் அரசு ஒரு நாள் லீவு கொடுக்கவில்லை, ஒரு காசு செலவழிக்கவில்லை. 2017-ல் மணமுறிவு. பிள்ளைகள் தகப்பனோடு. 2018-ல் மறுமணம். 2021-ல் கர்ப்பம். அரசு ஊழியராக அவருக்கு இதுதான் முதல் பிரசவம். துறைக்கு மட்டும் மூன்றாவது. பந்தியில் இப்போதுதான் உட்கார்ந்தவரிடம், 'போன வருஷம் உங்க வீட்ல ரெண்டு வேளை சாப்பிட்டீங்களே' என்று இலையை உருவின கதை.

விதி எழுதியவர் அப்படியொன்றும் கல்நெஞ்சர் இல்லை. முதல் பிரசவத்திலேயே இரட்டைப் பிள்ளை பிறந்துவிட்டால் இன்னொரு பிரசவத்துக்கு விடுப்பு உண்டு என்று சலுகை வைத்திருக்கிறார். இயற்கை செய்கிற கூத்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. மனுஷிக்கு வாழ்க்கை ஒருமுறை முறிந்து மறுபடி துளிர்க்கும் என்பதுதான் தெரியவில்லை. இத்தனைக்கும் விதவை மறுமணத்துக்குத் தாலி செய்யத் தங்க நாணயம் கொடுக்கிற அரசு இது. மறுமணம் செய்துகொள், தங்கம் தருகிறேன். பிள்ளை பெற்றுக்கொள்கிறாயா? இரு, எண்ணிப் பார்க்கிறேன்.

இந்தத் தர்மபுரி வட்டாரத்தில் பிள்ளைக் கணக்குக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பெண் சிசுவைக் கள்ளிப்பால் கொடுத்துக் கொன்றுகொண்டிருந்த காலம். கொல்லாதீர்கள், எங்களிடம் போட்டுவிட்டுப் போங்கள் என்று 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-ல் அந்தத் தொட்டில் தர்மபுரிக்கும் வந்தது. நல்ல காரியம். எத்தனையாவது பிள்ளை என்று தொட்டில் கேட்கவில்லை. யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையை எடுத்து வளர்க்கத் தெரிந்த அரசுக்கு, பெற்றவளே வளர்க்கிறேன் என்று ஒன்பது மாதம் கேட்டபோதுதான் விதிப்புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, மறுத்ததில் மிச்சம் எவ்வளவு? அவர் கேட்டது 2021 ஆகஸ்டு 17 முதல் 2022 மே 13 வரை. ஓர் ஆசிரியையின் ஒன்பது மாதச் சம்பளம். அதைக் காப்பாற்ற அரசு ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, விடுப்பைக் கொடு என்றார். கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மேல்முறையீடு. செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அரசின் பக்கம் சாய்ந்தது. மகப்பேறு விடுப்பு அடிப்படை உரிமை இல்லை என்றது. அப்புறம் ஆசிரியை உச்ச நீதிமன்றம் போக, அரசும் டெல்லிக்கு ஓடியது. வக்கீல் பீஸ், பிரமாணப் பத்திரம், வாய்தா. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சுண்டைக்காயும் நம் பணம், கூலியும் நம் பணம்.

உச்ச நீதிமன்றத்தில் அரசு சொன்ன காரணங்கள் இன்னும் ருசியானவை. சிறு குடும்ப நெறி கெடும். கஜானாவுக்குப் பாரம். நிர்வாகத் திறன் பாதிக்கும். ஓர் ஆங்கில டீச்சர் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் பாதிக்கப்படுகிற நிர்வாகத் திறன் அதுவரை எங்கே குடியிருந்தது? பட்டா மாறுதலுக்கு மூன்று வருஷமாக நடக்கிறவரைக் கேளுங்கள். அந்தத் திறனைப் பார்த்தால் அவரும் வணக்கம் சொல்ல ஆசைப்படுவார்.

வழக்கு டெல்லியில் ஊறிக்கொண்டிருந்தபோது மேடையில் வேறு பாட்டு ஓடியது. 2024 அக்டோபரில் சென்னையில் அறநிலையத் துறை நடத்திய கல்யாண விழா. தொகுதி மறுவரையறை வருகிறது, பதினாறு பெற்றால் என்ன என்கிற நிலை வந்துவிட்டது என்று முதலமைச்சர் ஸ்டாலின் வேடிக்கையாகச் சொன்னார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துக் கல்யாணத்தில் வேடிக்கையும் போயிற்று. முன்பெல்லாம் பொறுமையாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்போம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

மேடையில் பதினாறு. கோர்ட்டில் இரண்டு. எம்.பி. சீட்டுக்கு ஆள் வேண்டும். ஆளைப் பெறுகிறவளுக்கு லீவு கிடையாது.

2025 மே 23 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த மறுப்பைத் தூக்கி எறிந்தது. மகப்பேறு விடுப்பு மகப்பேற்றுப் பலன்களின் பிரிக்க முடியாத பகுதி; மக்கள்தொகைக் கட்டுப்பாட்டையும் தாயின் உரிமையையும் மோதவிடாதே, இரண்டும் பகையில்லை; இரண்டு மாதத்துக்குள் பலன்களைக் கொடு. 1961-ல் வந்த மத்தியச் சட்டத்தையும் எடுத்துக் காட்டியது. 2017 திருத்தத்துக்குப் பிறகு அதில் 26 வார விடுப்பு. ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருந்தால் 12 வாரம். குறைக்கச் சொன்ன சட்டம் அது. கொடுக்காதே என்று எங்கேயும் சொல்லவில்லை. தீர்ப்பு வந்த நாளில் அந்தக் குழந்தைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. தாய்ப்பால் காலத்துக்குக் கேட்ட விடுப்பு, பால்வாடிக்குப் போகிற வயதில் கிடைத்தது.

ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு தடவை தவறிவிட்டது என்று ஆறுதல்பட்டுக்கொள்ள முடியவில்லை. திருவாரூர் மாவட்டம் குடவாசல் நீதிமன்றம். அங்கே அலுவலக உதவியாளராக இருந்த பெண் 2024 அக்டோபரில் மகப்பேறு விடுப்பு கேட்டார். கணவர் இறந்து மறுமணம் செய்தவர். மறுத்தவர் மாஜிஸ்திரேட். கல்யாணம் பதிவாகவில்லையாம். அதுபோக, கர்ப்பம் கல்யாணத்துக்கு முந்தியதாம். பிரசவ தேதியிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணுகிற வேலையை நம் ஊரில் திண்ணைக் கிழவிகள் சம்பளமில்லாமலே செய்துகொண்டிருந்தார்கள். இப்போது அதற்கு நீதித்துறையில் பதவி இருக்கிறது. உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த லட்சம் யார் பணம் என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள். டெல்லித் தீர்ப்புக்குப் பிறகும் நீதிமன்ற ஊழியர் ஒருவருக்கே மூன்றாவது பிரசவ விடுப்பை மறுத்தார்கள்; உயர் நீதிமன்றம் முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டி வந்தது.

தமிழ்நாடு அரசின் ஆண் ஊழியர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. விடுப்பு இருந்தால்தானே மறுப்பதற்கு? தென்காசி மாவட்டம் கடையம் இன்ஸ்பெக்டர் ஒருவர், மனைவியின் பிரசவத்துக்காக 2023-ல் 90 நாள் லீவு கேட்டார். கொடுத்தார்கள். பிறகு சட்டம் ஒழுங்கைச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்கள். தந்தையருக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று நீதிபதி விக்டோரியா கௌரி அந்த வழக்கில் எழுதினார். எழுதியது எழுதியபடியே இருக்கிறது.

'சம்பளமே வேண்டாம் சார், லீவு மட்டும் கொடுங்க' என்று கேட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். கேட்கலாம். விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அடிப்படை விதிகளில் தனியாக ஒரு விதியே இருக்கிறது. 1922-ல் வெள்ளைக்காரன் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள். வெள்ளைக்காரன் போய்விட்டான். புத்தகம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

தனியாரிடம் அந்தப் புத்தகமும் கிடையாது. என் அக்கா மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ வார்டு. சம்பளம் பதினோராயிரம். ஏழாம் மாத வயிற்றோடு போய் மேனேஜர் முன்னால் நின்றாள். 26 வாரச் சம்பளமெல்லாம் அவள் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியும். மூன்று மாதம், சம்பளமில்லாமல். திரும்பி வரும்போது வேலை இருந்தால் போதும். அவ்வளவுதான்.

"ஏம்மா, நீயே பிரசவ வார்டு. உனக்குத் தெரியாததா? கொஞ்சம் பிளான் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றார் மேனேஜர். வார்டில் ஆள் பற்றாக்குறையாம். ஊரில் எல்லாரும் பெற்றுக்கொள்கிறார்களாம்.

பேறுகாலத்தில் ஒருத்தியை வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி குற்றம். மேனேஜருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் நீக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன் என்று அவளே எழுதினாள். 'சொந்தக்' என்பதில் விட்டுப்போன 'க்'கை மேனேஜர் தன் பேனாவால் சேர்த்தார். அப்புறம்தான் கால்குலேட்டரை எடுத்தார். முன்னறிவிப்பு இல்லாமல் விலகினால் ஒரு மாதச் சம்பளத்தை ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டுமாம். கட்டினால்தான், சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சர்டிபிகேட் வெளியே வரும்.

சம்பளமில்லாத விடுப்பு கேட்டவள், சம்பளம் கட்டி வெளியே வந்தாள். கம்மலை அடகு வைத்த பணத்தை நான்தான் கவுண்டரில் எண்ணி வைத்தேன். ரசீது கேட்டேன்.

அதற்கு விதியில் வழியில்லையாம்.