மருமகனுக்கு வந்த பார்சல்

மருமகன், கோவிக்காத. உன்ட பார்சல்காரன் இண்டைக்கும் என்னட்டத்தான் வழி கேட்டான். படுவான்கரையில வீட்டுக்கு நம்பர் ஏது? கோயிலடியில திரும்பி, வாய்க்கால் கட்டோட போய், வைக்கல் பட்டடை கண்டா நில்லு எண்டு அனுப்பிவிட்டன். 2014 இல மண்முனைப் பாலம் திறந்தபடியா மோட்டார் சைக்கிளில நேரா வந்துட்டான். முன்னம் எண்டா பாதைப் படகுக்குக் காத்து நிண்டு வாவியைக் கடக்கிறதுக்குள்ள, உன்ட சாமானும் வேணாம் காசும் வேணாம் எண்டு திரும்பியிருப்பான்.

உன்னை எனக்குத் தெரியாதா? காத்தான்குடியில சாரன் வாங்கப் போனா, கரையைப் பிடிச்சு இழுத்து, வெளிச்சத்தில விரிச்சு, நூல் விட்டிருக்கா எண்டு தடவிப் பாத்து, அம்பது ரூபா குறைக்குமட்டும் கடைவாசலை விட்டு இறங்கமாட்டாய். கடைக்காரன் குடுத்த தேத்தண்ணியையும் குடிச்சிட்டு, வாங்காம வந்த நாளும் இருக்கு. அந்த நீ, ராவையில பாயில புரண்டுகொண்டு, முகமறியாத ஒருத்தன் போட்ட படத்தை நம்பி ஓடர் எண்டு அமத்துறாய்.

சாரன் வந்துது. நல்ல சாரன்தான், குறை சொல்லமாட்டன். அதில ஒட்டியிருந்த துண்டை வாசிச்சியா? மருதமுனைத் தறியில நெய்தது. பஸ் ஏறினா ஒரு மணித்தியாலத்துப் பயணம். அது கொழும்புக்குப் போய், பெட்டிக்குள்ள ஏறி, எங்கட வாவிக்கரைக்கே திரும்பி வந்திருக்கு. போய்வந்த கூலியைக் கட்டினவன், சாரனைக் கட்டியிருக்கிற நீதான்.

நவம்பர் 11 இல நீ கண்முழிச்ச கூத்தை உன்ட பொஞ்சாதி சொல்லிச் சிரிச்சாள். அது என்ன நாள் தெரியுமா? சீனாவில கலியாணம் கட்டாத பொடியன்மார்ட நாள். அலிபாபா கொம்பனி 2009 இல அதை மலிவு விற்பனை நாளாக்கிச்சுது. 2018 இல நீ ஓடர் போடுற டராஸ் கடையையும் வாங்கிச்சுது. அப்பிடித்தான் அந்தத் திருவிழா உன்ட பாய் வரைக்கும் வந்துது. மூணு புள்ளை பெத்தவன் பிரமச்சாரி நாளுக்கு விரதம் கிடந்திருக்காய்! கோடு போட்டு வெட்டிக் காட்டின பழைய விலைக்கு அந்தச் சாமான் எப்பவாவது வித்துதா எண்டு ஒருக்கா யோசிச்சியா?

சாமான் கைக்கு வந்தாத்தானே காசு, என்னை எவன் ஏமாத்துவான் எண்டு நெஞ்சை நிமித்துறாய். மனே, அது புதுசில்ல. முந்தித் தபால்காரன் வி.பி.பி. பார்சல் கொண்டு வருவான்; காசைக் கட்டினாத்தான் கயிறு அவிழும். இண்டைக்கும் அதே கதைதான். உள்ளுக்க செங்கல் இருந்தாலும் பார்சல்காரனோட மல்லுக்கட்டிப் புண்ணியமில்ல, அவன் காசு வாங்க வந்தவன்.

நான் சொல்லுறதைக் கேள். கேக்காட்டியும் பரவாயில்ல, எனக்கும் பாத்துச் சிரிக்க ஆள் வேணும். பெட்டியை வெட்டக்குள்ள புள்ளைட்டப் போனைக் குடுத்து வீடியோ எடுக்கச் சொல்லு. அஞ்சு நட்சத்திரம் குடுத்தவன் கடைக்காரன்ட மச்சானாகவும் இருப்பான். ஒரு நட்சத்திரம் குடுத்துத் திட்டினவன் என்ன சொல்லுறான் எண்டு வாசி. அயர்லாந்து, ஜேர்மனிப் பக்கம் ஒன்லைனில வாங்கினவன் 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே பெரும்பாலான சாமானைத் திருப்பலாம், அது ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டம். வெளிநாட்டில இருக்கிற உன்ட மச்சான் சொல்லுற அந்தக் கதையை நம்பி இஞ்ச குதிக்காத. இஞ்ச அந்தந்தக் கடைக்காரன் சின்ன எழுத்தில என்ன எழுதி வெச்சிருக்கான் எண்டு முதல்ல பார்.

தபால் கந்தோர் பேரில, பார்சல் நிக்குது, லிங்கை அமத்திக் கொஞ்சக் காசு கட்டுங்க எண்டு மெசேஜ் வந்தா அமத்தாத. அது கள்ளன்ட வேலை எண்டு தபால் திணைக்களமே எச்சரிச்சிருக்கு. ஓடிபி நம்பரை வெத்திலை மாதிரி வாறவன் போறவனுக்கெல்லாம் நீட்டாத.

மறுகாலும் ஏமாந்தா வெக்கத்தில ஒளிச்சு வெக்காத. ரசீதை எடுத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அடி, நம்பர் 1977. சிரிக்கிற வேலையை நான் பாக்கிறன், முறைப்பாடு எழுதுற வேலையை நீ பார்.