சுமை சுருக்க இயல்: ஓர் அறிமுக ஆராய்ச்சி

ஒரே முதுகுப்பையோடு உலகத்தைச் சுற்றிவருவது எங்ஙனம் என்னும் வினா அறிஞர்களால் இதுகாறும் போதிய அளவு குழப்பப்படவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

மரபுப்படி சங்க இலக்கியத்தில் தொடங்குவோம். (அங்கே தொடங்காதவனுக்கு ஆய்வரங்கில் தேநீர்கூடக் கிடைக்காது.) மலைபடுகடாத்தின் தொடக்கத்திலேயே கூத்தர்கள் முழவு, ஆகுளி, குழல் என ஒரு கச்சேரிக்கு வேண்டிய அத்தனையையும் பைகளில் கட்டிக் காவித் தூக்கிப் போகிறார்கள். ஆகவே சுமை குறைத்தலுக்குத் தொன்மை இல்லை என்பது ஐயம் திரிபற நிறுவப்பட்டது. மேலே செல்லலாம்.

பயணச் சுமை நால்வகைப்படும்: உடுப்பன, மின்னேற்றுவன, பூசுவன, எதற்கும் இருக்கட்டும்.

உடுப்பன: மூன்று. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பையில் ஒன்று.

மின்னேற்றுவன: இருட்டில் விட்டால் வயர்கள் தம்முள் புணரும். விதிகளை இலக்கணிகள் காண்க.

பூசுவன: 1889 நவம்பர் 14 அன்று அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை ஒரே கைப்பையுடன் உலகைச் சுற்றக் கப்பலேறினார். பையின் அகலம் 16 அங்குலம், உயரம் 7. அதற்குள் தொப்பி, முகத்திரை, செருப்பு, மைக்கூடு, ஊசி நூல், உள்ளாடை எல்லாம் அடங்கின. அடங்க மறுத்தது ஒரு கோல்டு கிரீம் ஜாடி. வழி நெடுக இடத்தை அடைத்து உயிரை வாங்கியது அதுதான் என்று அவரே புலம்பியிருக்கிறார். இத்தனை சிக்கனக்காரர் சிங்கப்பூரில் என்ன செய்தார்? ஒரு குரங்கை வாங்கினார். பசிபிக்கில் புயலடித்தபோது, குரங்கு இருந்தால் கப்பலுக்கு ஆகாது, கடலில் எறியுங்கள் என்றார்கள். பாதிரியாரும் ஆகாதாமே, கப்பலில் இருவர் இருக்கிறார்களே, முதலில் அவர்கள் இறங்கட்டும் என்ற பொருளில் பதில் சொல்லிக் குரங்கைக் காப்பாற்றினார். 72 நாளில் ஊர் திரும்பியும் விட்டார். குரங்கு கைப்பைக் கணக்கில் வருமா, உடன்பயணி கணக்கில் வருமா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். (மாடிவீட்டு மாமா, வாய்மொழி.)

இனி நான்காம் வகை. பைகளைக் கொல்வது இதுவே.

குடை வேண்டும், மழை வந்தால். குடைக்கு உறை. உறை நனைந்தால் போட ஒரு பாலித்தீன் பை. அது கிழிந்தால் இன்னொன்று. வயிறு கெட்டால் ஓமம். பெரு நாட்டில் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் ஒரு பட்டு வேட்டி. (அத்தை, ஊறுகாய்ச் சருக்கம், இரண்டாம் ஜாடி, எண்ணெய் படிந்த ஏடு.) “அங்கே கிடைக்காதா?” என்னும் பூர்வபட்சம் பலமுறை எழுப்பப்பட்டு, பலமுறை முறைக்கப்பட்டது. (மேற்படி அத்தை, ஜிப் மூடுவதற்காகப் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி ஆற்றிய பேருரை; மறுப்புரை: அத்தையின் கணவர், வெளித்திண்ணை, மெல்லிய குரல், அச்சேறாதது.)

எதிர்க்கட்சியினர் கிராம் கணக்கர்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்து எறிந்துவிட்டு, மிச்சமானதை நிறுக்கத் தராசு வாங்குவார்கள். தராசின் எடை கணக்கில் வராது.

இரு கட்சியையும் சங்கடப்படுத்துபவர் எம்மா கேட்வுட். 1955-இல், 67 வயதில், 3,200 கிலோமீட்டருக்கும் நீளமான அப்பலாச்சியன் பாதையை ஒரே ஆண்டில் தனியாக நடந்து முடித்தவர். தோளில் தானே தைத்த துணிப்பை. காலில் கேன்வாஸ் ஷூ. கூடாரம் இல்லை. மழைக்குக் குளியலறைத் திரை. இவரை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாததால், துறை வழக்கப்படி, இவரை விட்டுவிடுகிறோம்.

எதற்கும் இருக்கட்டும் வாதத்தின் தூய வடிவம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் துணைநூற்பட்டியல். பிரித்தே பார்க்காத நூல்களும் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். 7 கிலோவுக்கு மேல் போனால் விமானக் கம்பெனி பணம் கேட்பதுபோலப் புறத்தேர்வாளரும் கேட்டால், தமிழாய்வு ஒரே கல்வியாண்டில் இளைத்துவிடும்.

பயணம் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டி முடித்த பையை மாட்டிக்கொண்டு ஒருமுறை மூன்று மாடி ஏறி இறங்குங்கள். வழியில் எதை நினைத்துத் திட்டினீர்களோ அதை வெளியே எடுத்து வையுங்கள். அத்தை பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்யவும்.