ஸ்பானிய எதிர்காலம்: ஒரு நிலுவை ஆய்வு

எதிர்காலத்தைச் சொல்லவே எதிர்கால வினை ஏற்பட்டது என்பாரும் உளர். ஸ்பானிய மொழியில் அது பொருந்தாது. அங்கே அது கடனை ஒத்துக்கொள்ளும் வினை என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் ஆக்கம். நிகழ்காலத்தில் ஆர், ஏர், ஈர் என முடியும் மூன்று வினைக்கூட்டங்களும் தனித்தனி விகுதி கேட்டு வம்பு செய்யும். எதிர்காலத்தில் அந்தச் சண்டை இல்லை. மூல வடிவத்தை வெட்டாமல் வைத்து ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், எய்ஸ், ஆன் ஆகியவற்றில் ஒன்றை ஒட்டினால் போதும். 'அப்லார்' பேசுதல், 'அப்லரே' பேசுவேன், 'அப்லரான்' பேசுவார்கள். ஆன் விகுதியைக் கண்டதும் ஒற்றை ஆண்மகனைத் தேடுவது தமிழ் மாணவருக்கே உரிய நோய்.

இனி விகுதிகளின் பூர்வீகம். இவை 'அபேர்' என்னும் துணைவினையின் தேய்ந்த நிகழ்கால வடிவங்கள். அதன் லத்தீன் மூலத்துக்கு 'உடைத்தாயிருத்தல்' என்று பொருள். ஆகவே 'கந்தரே' (பாடுவேன்) என்று சொல்பவர் பாடப்போவதாகச் சொல்லவில்லை; ஒரு பாட்டு பாக்கி இருப்பதாக ஒத்துக்கொள்கிறார். இந்தக் கூட்டணியை 1492-இல் இசபெல் ராணிக்குப் படைத்த இலக்கணத்திலேயே நெப்ரிஹா காட்டிவிட்டார். இடைக்காலத்தில் வினைக்கும் விகுதிக்கும் நடுவே 'உனக்கு' என்னும் சொல்லும் நுழைந்து உட்காரும்: 'தார் தே ஏ', உனக்குத் தருவேன். கடன் கொடுத்தவரை இருபுறமும் அணைத்துக்கொள்ளும் இந்த மரியாதையைப் போர்ச்சுகீசிய எழுத்துநடை இன்றும் கைவிடவில்லை.

செய், சொல், வா போன்ற ஒரு டஜன் வினைகள் மட்டும் உருச்சிதைந்தவை. 'அசேர்' (செய்தல்) 'அரே' ஆகிறது. ஓயாமல் உழைப்பவை தேயத்தானே செய்யும்!

நிஜமாகவே பேசப்போகிறவர், அதுவும் லத்தீன் அமெரிக்கராயின், பெரும்பாலும் 'போய் ஆ அப்லார்' என்று 'போ' வினையைத் துணைக்கழைப்பார். வேலை குறைந்துபோன எதிர்காலம் நிகழ்காலத்தை ஊகிக்கப் போய்விட்டது. 'எஸ்தரா என் காசா' என்றால் வீட்டில் இருப்பான்; இப்போதே, அனேகமாக. நாமும் அப்படித்தான் சொல்கிறோம். பத்துக் கட்டளைகளிலும் எதிர்கால வினைக்கு இடமுண்டு. 'நோ மத்தராஸ்' என்பது கொலை செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளை. 1996-இன் ஊர்ப்பெயர் மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடைசிச் சான்று வங்கியில் கிடைக்கிறது. புரோநோட்டுக்கு ஸ்பானியப் பெயர் 'பகரே', அதாவது 'கட்டுவேன்'. தேதியும் கையெழுத்தும் இல்லாத 'கட்டுவேன்' அங்கே செல்லாது.