புல்வெளியில் பங்காளிச் சண்டை

ஜான் பென்னட் லாஸ், சூப்பர் பாஸ்பேட் விற்றுக் காசு பார்த்த ஆங்கிலேய மிராசுதார். எந்த உரம் போட்டால் எவ்வளவு தீவனப்புல் என்பதுதான் அவர் கவலை. 1856-இல் ரோதாம்ஸ்டெட்டில் தன் புல்வெளியைத் துண்டு போட்டு, கூட்டாளி கில்பர்ட்டோடு சேர்ந்து ஆளுக்கொரு உரம் என்று பந்தி வைத்தார்.

புல் மதமதவென்று வளர்ந்தது. உள்ளே கலவரமும் மூண்டது. அறுத்த புல்லை மேசையில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி இனம் இனமாகப் பிரித்து எடை போட்டார்கள். உரமே காணாத ஏழைத் துண்டில் நாற்பது இனம் வரை ஒட்டுக்குடித்தனம். நைட்ரஜன் தின்று கொழுத்த சில துண்டுகளில் இரண்டு மூன்று தடியர்கள் மட்டும்.

ஏன் என்று கணக்குப் போட வந்தவர்களில் யாரும் புல்லைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. இத்தாலியின் வோல்டெராவுக்கு மருமகப்பிள்ளை கொண்டுவந்த மீன் சந்தைக் கணக்கு. அமெரிக்காவின் லோட்காவுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. 1920களில் இருவரும் தனித்தனியே சமன்பாடு எழுதினார்கள். போட்டி என்று வந்தால் அதன் சாரம் இவ்வளவுதான்: உன் ஆள் ஒருத்தன் என் ஆள் எத்தனை பேருக்குச் சமம்? அழகான கேள்வி. ஆனால் அந்த எண் தெரிய, இருவரையும் முதலில் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். தாலி கட்டி முடிந்தபின் பொருத்தம் பார்க்கிற ஜோசியம்.

சூழலியலாளர் டேவிட் டில்மன்தான் முகூர்த்தத்துக்கு முன்பே ஜாதகம் கேட்டார். மினசோட்டாவில் சீடர் கிரீக், நைட்ரஜனுக்குப் பஞ்சமான மணல்காடு. ஒவ்வொரு புல்லையும் தனிக்குடித்தனம் வைத்து, அது தின்று மிச்சம் வைத்த நைட்ரேட்டை மண்ணில் அளந்தார். அந்த மிச்சத்துக்கு 'ஆர் ஸ்டார்' என்று பெயர். யார் தட்டை அதிகம் வழித்தாரோ அவருக்கே வெற்றி என்றது கணக்கு.

பிறகு சக ஆய்வாளர் வெடினும் அவரும் ஜோடி ஜோடியாக மோதவிட்டார்கள். ஒரு பக்கம் குவாக் புல்: ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்து, மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓட்டி, உழவனை அழவைக்கும் ரவுடி. மறுபக்கம் லிட்டில் புளூஸ்டெம்: சம்பாத்தியத்தையெல்லாம் வேரில் புதைக்கும் உள்ளூர்க் கஞ்சன். உரமில்லாத மண்ணில் சில வருஷத்தில் ரவுடி நடையைக் கட்டினான். 1993-இல் கட்டுரையே வந்துவிட்டது.

உரம் கொட்டினால் கதை வேறு. சோற்றுச் சண்டை போய் வெயிலுக்குச் சண்டை. அதில் கஞ்சனின் வேர் செல்லாக்காசு. ரோதாம்ஸ்டெட்டில் இன்றும் வருஷம் இரண்டு தரம் அறுக்கிறார்கள். தடியர்கள் மறுபடி எழுந்து, வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.