ஆயில் ஜாதகம்

கோயம்புத்தூரில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டால் ஒன்றிலாவது ஓர் ஆயில் பண்டிதர் இருப்பார். ஏதோ ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டயர் காற்று பார்க்கும் கேஜ் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் காரை ஸ்டார்ட் செய்தால், பால்கனியில் பேப்பரை மடித்துவிட்டுக் காதைத் தீட்டுவார். கார் கேட்டைத் தாண்டியதும், "டேப்பெட் சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்று உள்ளே பார்த்துச் சொல்வார். உள்ளே யாரும் கேட்டிருக்கவில்லை.

மற்றவர்களுக்கு இன்ஜின் ஆயிலின் நினைப்பு வருவது வருடத்துக்கு ஒரு தடவை, சர்வீஸ் பில்லில் அந்த வரியைப் படிக்கும்போது. நம்மவருக்கு அது மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். உதிரிபாகக் கடையில் அவர் தலை தெரிந்ததும் பையன்கள் ஆளுக்கொரு வேலையாகக் கலைவார்கள். முதலாளிக்கு மட்டும் ஓட வழியில்லை.

"வாங்க சார். ஃபுல் சிந்தெடிக் ஒண்ணு எடுத்துடலாங்களா?"

"சிந்தெடிக் சரிங்க. எந்த குரூப்பு?"

"நம்ம ஏரியா வியாபாரிங்க குரூப் ஒண்ணு இருக்குதுங்க சார். உங்க நம்பரைச் சேர்த்து விடட்டுங்களா?"

நம்மவர் கேட்டது வாட்ஸ்அப் குரூப் அல்ல. டப்பாவுக்குள் பெரும்பகுதி பேஸ் ஆயில். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ அதை ஐந்து குரூப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுப்பவை. மூன்றாவதும் அதே வம்சம்தான். ஆனால் கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி மூலக்கூறுகளையே உடைத்துத் திருத்திய பிள்ளை. நான்காவது பிஏஓ, ரசாயன ஆலையில் கோத்துக் கட்டியது. எஸ்டர் முதலான மிச்சமெல்லாம் ஐந்தாவதில். மூன்றாவது குரூப்பை சிந்தெடிக் என்று சொல்லி விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு வந்து, விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதைப் பற்றிப் பேசும்போது நம்மவருக்கு இன்றும் குரல் தழுதழுக்கும்.

அவர் வருத்தத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, அவ்வளவுதான். வண்டிக்கு வேண்டியது குரூப் நம்பர் அல்ல. பேஸ் ஆயிலோடு சேர்க்கும் அடிட்டிவ்களும் சேர்ந்த முழுக் கலவை எந்தப் பரிசோதனைகளில் தேறியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 என்று. வண்டியோடு வந்த கையேட்டில் கேட்டிருப்பதும் இதுவும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஒத்துப்போனபின்னும் கடையை விட்டுக் கிளம்பாமல் நிற்பவரைத்தான் பண்டிதர் என்கிறோம்.

அடுத்தது கிரேடு. 5டபிள்யூ-30 என்பதில் அந்த டபிள்யூ குளிர்காலத்துக்கானது. 5டபிள்யூ ஆயிலின் குளிர் ஸ்டார்ட் சோதனை மைனஸ் 30 டிகிரியில் நடக்கிறது; 0டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 35. நம்மூரில் ஊட்டி தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி விழுந்து பத்திரிகைகளில் படம் வரும்போதுகூட வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் நிற்கிறது. "கோயமுத்தூருக்கு எதுக்குங்க சார் 0டபிள்யூ?" என்று கேட்டுவிட்டால் போச்சு. காலையில் இருபது டிகிரியில்கூட ஆயில் சூடான இன்ஜினில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டி, மேலே கேம்ஷாஃப்ட் வரை ஏற நேரம் பிடிக்கும், தேய்மானம் அந்த வேளையில்தான் அதிகம் என்று விளக்குவார். எல்லாம் சரிதான். அந்த இருபது டிகிரியில் 0டபிள்யூவுக்கும் 5டபிள்யூவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

இதெல்லாம் பழைய ஆயிலை இறக்கும் நாளுக்கான முன்னுரை. அன்று மாலை அவிநாசி ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு வருவார். மெக்கானிக் பட்டறையில் வண்டியை ஏற்றியதும், சம்ப்பைச் சுற்றியிருக்கும் மண்ணைத் தன் கையாலேயே துணியால் துடைப்பார். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் கொட்டுவதைப் பிடிக்க விடமாட்டார். அடியில் தங்கிய கசடு முதலில் வரும். கடைசியும் ஆகாது. நடு ஓட்டத்தில் சின்ன பாட்டிலை நீட்டி, சுடச்சுடப் பிடித்து, மூடி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டுவார். விரல் சுட்டாலும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார். பிறகு பாட்டில் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். மூன்று லிட்டர் சொச்சம் ஆயிலுக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்கக்கூடாது என்பதால் அந்த ரசீது மட்டும் காரின் டேஷ்போர்டிலேயே தங்கிவிடும்.

இந்தப் பழக்கம் மில்லில் தொற்றியது. 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டர் ஓடினால்தான் ஸ்பிண்டில் சுற்றும். பெரிய டீசல் இன்ஜினின் சம்ப்பில் நூற்றுக்கணக்கான லிட்டர் ஆயில் நிற்கும்; காலண்டரைப் பார்த்து அதைக் கொட்டுவது காசைக் கொட்டுவது. சாம்பிள் அனுப்பி, ரிப்போர்ட் பார்த்துத்தான் மாற்றுவார்கள். இந்த வித்தையை 1940களிலேயே அமெரிக்க ரயில்வே கம்பெனி ஒன்று டீசல் லோகோக்களில் கையாண்டது. பிறகு ராணுவ விமானங்களுக்கும் போயிற்று. லோகோவிலும் விமானத்திலும் சாம்பிள் எடுப்பதற்கு அர்த்தம் புரிகிறது. உழவர் சந்தைக்குப் போய்வரும் ஹேட்ச்பேக்குக்கு எடுப்பது பாசத்தில்தான் சேர்த்தி.

ரிப்போர்ட் வந்துவிட்டால் வீட்டில் ஜாதகம் பார்க்கும் சூழ்நிலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டம் கட்டமாகப் போவார். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று உலோகங்களைப் பிபிஎம் கணக்கில் போட்டிருக்கும். இரும்பு வந்தால் சிலிண்டர் சுவர், கிராங்க்‌ஷாஃப்ட், கேம். அலுமினியம் என்றால் பிஸ்டன். குரோமியம் ரிங்கைக் காட்டும். செம்பும் ஈயமும் பேரிங்கைக் காட்டும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படணும். சிலிக்கானுக்கு மட்டும் இரண்டு முகம். ஓடிய வண்டியில் அது ரோட்டுத் தூசி. புது வண்டியின் முதல் ஆயிலில் கேஸ்கெட்டுக்குத் தடவிய பசையிலிருந்தும் வரும். புதுக் கார் வாங்கிய எதிர்வீட்டு இளைஞர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டியபோது, "தம்பி, புது இன்ஜின் செட் ஆகறப்ப இரும்பும் செம்பும் கூடத்தான் வரும். போய்ப் படுங்க" என்று அனுப்பி வைத்தவர் நம்மவர்தான். தன் வண்டிக்கு அதே எண்கள் வந்திருந்தால் அவர் படுத்திருக்க மாட்டார் என்பது வேறு.

போன வருடம் ஓர் அவமானம் நேர்ந்தது. நூறு டிகிரியில் 30 கிரேடு ஆயிலுக்குக் குறைந்தது 9.3 சென்டிஸ்டோக் பிசுபிசுப்பு வேண்டும். இவர் ஆயில் அதற்குக் கீழே இறங்கி, பெட்ரோல் கலந்திருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டது. கீழே குறிப்பு வேறு: வண்டி குறைந்த தூரமே ஓடுகிறதா? ஆமாம், சந்தைக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று. இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேற வழியில்லை. கம்பெனியைக் குறை சொல்ல டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தவரிடம், "ஏனுங்க, சந்தைக்கு நடந்தே போயிட்டு வந்தா வண்டிக்கும் நல்லதுங்க, உங்க சுகருக்கும் நல்லது" என்றார் மனைவி. அவர் எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் போனதில்லை.

மெக்கானிக்கின் முறை தனி. டிப்ஸ்டிக்கை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். கறுப்பைக் கண்டு அவரும் பயப்படமாட்டார். கரியைத் தாங்கிக்கொள்வதுதான் ஆயிலின் வேலை, டீசலில் சீக்கிரமே கறுத்துவிடும். இருவருக்கும் சண்டை வருவது ஃபில்டரில். நம்மவர் பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்துப் பார்க்கச் சொல்வார். பரிசோதனைக் கூடத்தில் உலோகத்தை அளக்கும் கருவி பொடித்துகளைத்தான் பிடிக்கும். எட்டு மைக்ரானைத் தாண்டிய சில்லு பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. பேரிங் பெயர்ந்தால் அது முதலில் தெரிவது ஃபில்டரில்தான். மெக்கானிக் ஹேக்ஸா பிளேடை எடுப்பார். "ஐயோ, அதுல அறுத்தா அதோட பொடியே உள்ள விழுகுமேப்பா!" என்று இவர் அலறுவார்.

ஆனால் ஒரு தடவை அவர் ஜெயித்திருக்கிறார். எப்போதும் பத்துக்குள் நிற்கும் சிலிக்கான் திடீரென்று முப்பதைத் தாண்டியது. இரும்பும் அலுமினியமும் கூடவே ஏறின. ஒரு ரிப்போர்ட்டைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வரிசையாக வைத்துப் பார்க்கணும் என்று அவர் அடிக்கடி சொல்வதற்கு அன்று பலன் கிடைத்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு கிளிப் சரியாக மாட்டவில்லை. ரப்பர் விளிம்பைத் தாண்டி உள்பக்கம் செம்மண் கோடு போட்டிருந்தது. மெக்கானிக் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னது சரிதானுங் சார்" என்றார். அந்த வாரம் லிஃப்டில் ஏறியவர்கள் எல்லோரும் இந்தக் கதையைத் தரைத்தளத்திலிருந்து நாலாவது மாடி வரை கேட்டார்கள்.

இப்போது அதே குடியிருப்பில் ஒருவர் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். "இனி ஆயில் மாத்தற வேலையே இல்லைங்க சார்" என்று நம்மவரைப் பார்த்துக் கொஞ்சம் குறும்பாகத்தான் சொன்னார்.

"மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு கியர் பெட்டி இருக்குதுங்களே, அது என்ன பச்சைத் தண்ணியிலயா ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே நம்மவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "கொஞ்சம் தள்ளுங்க. ட்ரெயின் போல்ட்டு எங்க வெச்சிருக்கானுகன்னு பார்க்கலாம்."